பலகை இறங்கியது, அடுப்படி?

ஓரிக்கை பக்கம் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் பஸ் ஓட்டுநரும், தறிக்காரரும், சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இட்லி சாப்பிடலாம். இன்றைய இளைஞர்களுக்கு இது பேச வேண்டிய விஷயமாகவே தோன்றாது. ஆனால் அந்த பெஞ்ச் தச்சர் செய்து போட்டதால் மட்டும் வந்ததல்ல. சிறைக்குப் போனவர்களாலும் வந்தது.

காஞ்சிபுரத்துக்கும் அந்த வரலாற்றில் இடம் உண்டு. காங்கிரஸ் நிதி பெற்ற சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற செய்தி தமிழ்நாட்டைக் கொதிக்க வைத்தது. அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள், 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் மாநாடு கூடியது. பெரியாரின் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு அங்கே அனுமதி மறுக்கப்பட்டது. அவர் காங்கிரசை விட்டு வெளியேறினார். சோற்றில் தொடங்கிய சண்டை பதவியில் பங்கு கேட்கும் சண்டையானது. இரண்டும் ஒன்றுதான் என்பதை அன்றே புரிந்துகொண்டார்கள்.

அன்றைய ஓட்டல்களில் 'பிராமணாள்' ஒரு பக்கம், 'இதராள்' இன்னொரு பக்கம். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இந்தப் பிரிவினை 1941இல்தான் ஒழிந்தது. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு உணவகங்களில் சாதி பார்க்கக் கூடாது என்றது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. ஆனாலும் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' அசையவில்லை. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் மறியலைத் தொடங்கினார். மாதக்கணக்கில் நாள்தோறும் தொண்டர்கள் போனார்கள், கைதானார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்ற பிறகே அந்தச் சொல் இறங்கியது. 2012இல் ஸ்ரீரங்கத்தில் ஓர் உணவகத்தின் பலகையில் அதே சொல் தலைகாட்டியபோது மறுபடியும் போராட வேண்டியிருந்தது.

ஒரு சொல்லுக்கா இத்தனை பேர் சிறை போவது என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். சமைத்தவர் இன்ன சாதி என்பதையே ருசிக்கும் சுத்தத்துக்கும் சான்றிதழாக மாட்டி வைத்தால், மற்றவர் கை அசுத்தம் என்றுதானே பொருள்? அந்தப் பலகை ஒவ்வொரு நாளும் வாடிக்கையாளருக்குச் சொன்னது அதைத்தான்.

பலகை போனது. அது சொன்ன சேதி போனதா? 2023இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர் அரசுப் பள்ளியில், தலித் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே நேரில் போக வேண்டியிருந்தது. 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிக்கு இடமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். எதிர்ப்பு எழுந்தது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. மாட்டுக்கறி பிரியாணிக்குப் பேர்போன ஊரிலேயே இந்த நிலை. இரட்டைக் குவளை இருந்த சில கிராமங்களில் இப்போது தலித்துகளுக்கு மட்டும் காகிதக் கப். சுகாதாரம் என்று சொல்லிவிடலாம், வழக்குப் போடுவதும் கடினம்.

சாப்பிடும் பெஞ்சில் வென்ற சமத்துவம் அடுப்படிக்குள் இன்னும் முழுதாக நுழையவில்லை. 'உயர்தர சைவம்' என்ற பலகையைப் பார்க்கும்போது, அப்படியானால் தாழ்ந்தது எது, யாருடையது என்று கேளுங்கள். எச்சில் இலை எடுப்பவர் யார், கல்லாவில் உட்கார்பவர் யார், கரண்டி பிடிப்பவர் யார் என்று பாருங்கள். தலித் ஒருவர் தன் பெயரிலேயே, ஊர் நடுவே, தன் வீட்டுச் சாப்பாட்டை விற்கும் கடை உங்கள் ஊரில் இருக்கிறதா? இருந்தால் அங்கே போய்ச் சாப்பிடுங்கள், நண்பர்களையும் கூட்டிப் போங்கள். இல்லையென்றால், கடை போட இடமும் கடனும் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதிலிருந்து நம் வேலையைத் தொடங்க வேண்டும்.