காக்கச் சென்றோரைக் காப்பது யார் கடன்?

விழா மலர் பழம்பெருமை பேசுதற்கு மட்டும் உரியதன்று. கற்றோர் ஒன்றுகூடித் தம் ஊருக்குப் பட்ட கடனை எண்ணிப் பார்த்தற்கும் அதுவே தக்க இடமாகும். மாத்தளை மாவட்டத்தார் அனைவரும் பட்டிருந்தும், பெரும்பாலோர் கணக்கிற் கொள்ளாத கடன் ஒன்றைப்பற்றி ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய தித்வாப் புயல் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மலைநாடே அதன் கொடுமையை மிகுதியாக அனுபவித்தது. எமது மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. உக்குவளை, இரத்தோட்டை, அம்பன்கங்கைக் கோறளை முதலிய பகுதிகள் மண்சரிவு அபாயம் உடையவை என்பதை நாம் நெடுங்காலமாக அறிவோம். மலை சரியும்போது பாதையும் உடன் சரிகின்றது. மின்சாரமும் தொலைபேசியும் அறுகின்றன. நகரத்திலிருந்து வரவேண்டிய உதவி வழியிலே நின்றுவிடுகின்றது. அவ்வேளையில் மண்ணுள் அகப்பட்டோரின் குரல் கேட்டு முதலில் ஓடுபவர் யார்? பக்கத்து லயத்தார், அயற்கிராமத்தார், மண்வெட்டியும் அலவாங்கும் கையிலுள்ள எவரும். மேலே எஞ்சி நிற்கும் மண் எப்பொழுது இறங்குமோ என்பதை அறியாமலே அவர்கள் கீழே தோண்டுகின்றனர்.

காக்கச் செல்வோர் தாமே பலியாதல் வெறுங் கற்பனையன்று. அதே புயலின்போது நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த விமானப்படை ஹெலிகொப்டர் ஒன்று லுணுவிலப் பகுதியில் வீழ்ந்து அதன் விமானி உயிர்நீத்தார். வடக்கே சுண்டிக்குளத்தில் வெள்ளம் வடிதற்பொருட்டு முகத்துவாரத்தை அகலப்படுத்தச் சென்ற கடற்படையினர் ஐவர் மாண்டனர். முப்படையினர்க்கும் பொலிசாருக்கும் அரசாங்கத்தின் தனி ஏற்பாடுகள் உள்ளன. மாநகர சபைகளின் தீயணைப்புப் படையினரும், 1990 சுவசெரிய நோயாளர் வண்டியிற் பணிபுரிவோரும் சம்பளம் பெறும் ஊழியர்கள். தமக்கு ஊறு நேர்ந்தாற் கேட்பதற்கு ஓர் எசமானர் அவர்கட்கு உளர். ஆனால், அதே சரிவில், அதே குழியில், அவர்கட்கு முன்னரே இறங்கிய தோட்டத் தொழிலாளிக்கு யார் உளர்? இதுவே எமது வினா.

எமது நாட்டில் இத்துறைக்குரிய மூலச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாகும். அதன் சிறப்பை மறுத்தல் நன்றன்று. எசமானின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டிய பெருஞ்சுமையை அது தொழிலாளியின் தலையினின்றும் இறக்கி வைத்தது. தொழிலின்போது, தொழிலின் காரணமாக விபத்து நேர்ந்தது என்பது தெளிவாயின் நட்டஈடு உரிமையாகிறது. தொழிலாளி இறந்துபடின் அப்பணம் ஆணையாளரிடம் கட்டப்பட்டு, அவரைச் சார்ந்து வாழ்ந்தோர்க்குப் பகிரப்படும். 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நட்டஈட்டின் உச்ச வரம்பை ஐந்தரை இலட்சம் ரூபாவிலிருந்து இருபது இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்களையும் உட்படுத்தியது. இவை யாவும் வரவேற்கத் தக்கனவே.

ஆயினும் அச்சட்டமாகிய மாளிகைக்கு வாயில் ஒன்றேயுண்டு. அது வேலை ஒப்பந்தம் என்னும் வாயில். கொழுந்து பறிக்கையிற் சறுக்கி வீழ்ந்தவர் அதனூடே நுழையலாம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சரிந்த லயத்தில் அகப்பட்ட குழந்தையை எடுக்க ஓடியவர் நுழையலாமா? அவர் அப்போது செய்தது தோட்டத்தின் வேலையா, அன்றித் தம் மனச்சான்றின் வேலையா என்று வழக்காடுதற்கு இடமுண்டு. வேலை நாளல்லாத நாளில், எவருடைய கட்டளையுமின்றி ஓடிய இளைஞனுக்கோ அவ்வழக்காடும் வாய்ப்பும் இல்லை. கூலிக்கு உழைத்தவனுக்கு உரிமையும், கூலியின்றி உயிரைக் கொடுத்தவனுக்கு அனுதாபச் செய்தியும் கிடைக்குமாயின், அந்நீதி தலைகீழானது என்றே கூறுவோம்.

சீதையை மீட்கப் போராடி வீழ்ந்த சடாயு இராமனிடம் ஊதியம் பெற்றவன் அல்லன், ஏவப்பட்டவனும் அல்லன். ஆயினும் இராமன் அவனுக்குத் தந்தைக்கு மகன் செய்யும் ஈமக்கடனைச் செய்தான். பிறர்பொருட்டு வீழ்ந்தவன் எவ்வகையிலேனும் உறவினனே என்பது அக்கதை நமக்குப் புகட்டும் முறைமை. அதனைக் கோயிலிற் கேட்டு நெஞ்சுருகும் நாம், சட்டத்தில் எழுதத் தயங்குவது ஏன்?

பிற நாட்டார் தயங்கினாரல்லர். பிரித்தானியாவில் 1946ஆம் ஆண்டின் தொழில் ஊறுக் காப்புறுதிச் சட்டம், வேலைத்தலத்தில் ஆபத்து நேர்ந்தவிடத்து அங்குள்ளோரை மீட்கத் தொழிலாளி எடுக்கும் முயற்சியில் விளையும் விபத்தை, தொழிலில் விளைந்த விபத்தாகவே கொள்ளும்படி விதித்தது. செருமனி இன்னும் ஒருபடி மேற்சென்றது. அங்கு விபத்திலோ பொது ஆபத்திலோ பிறர்க்கு உதவச் செல்பவர் எவராயினும், முன்பதிவும் சந்தாவும் இன்றியே அரச விபத்துக் காப்புறுதிக்கு உட்பட்டவராகின்றார். அதாவது, அந்நாட்டார் சம்பளப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னர்ச் செயலைப் பார்க்கின்றனர். நாம் வேண்டுவதும் அதுவே.

இதற்குப் பணம் எங்கே என்று வினவுவாரும் உளர். ஆண்டுதோறும் எத்துணைப் பேர் இவ்வாறு வீழ்கின்றனர்? அழிவுக்குள்ளானோர் தொகையோடு ஒப்பிடின் அஃது ஒரு சிறு பகுதியே. அச்சிறு செலவை நாடு முழுவதும் பகிர்ந்தால் ஒருவர்க்கும் பாரமாகாது. ஒரு விதவையின் தலையில் மட்டும் வைத்தாலோ அக்குடும்பம் இரண்டு தலைமுறைக்கு எழாது. பொய்க் கோரிக்கைகள் பெருகும் என்பாரும் உளர். மண்சரிவில் மீட்கச் சென்றவனை ஊரே கண்டிருக்கும், சாட்சிக்குப் பஞ்சமில்லை.

வீழ்ந்தவுடன் தெரியும் காயம் மட்டுமே காயமன்று என்பதையும் நினைவூட்டுவோம். வெள்ளத்தில் நின்று பிறரைத் தூக்கியவன், வெள்ளம் வடிந்த சில நாட்களின்பின் எலிக்காய்ச்சலிற் படுப்பதுண்டு. தீயணைப்போரின் தொழில் புற்றுநோய் விளைக்க வல்லது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2022ஆம் ஆண்டில் ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தியது. ஆகவே விபத்து என்னும் சொல்லை அந்த ஒரு நாளோடு நிறுத்தாது, அதனின்று முளைக்கும் நோயையும் உட்படுத்தல் வேண்டும்.

எமது வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, ஆபத்தில் அகப்பட்டோரை மீட்கச் செல்பவர் அந்நேரத்துக்கு அரசின் ஊழியராகவே கொள்ளப்படவேண்டும். இரண்டாவது, நட்டஈடு சம்பளத்தைக்கொண்டு கணிக்கப்படுவதால், நாட்கூலி பெறுவோருக்கும் கூலியே பெறாதோருக்கும் ஒரு கீழ்வரம்பு விதிக்கப்படவேண்டும். ஏழையின் உயிர்த்தியாகம் மலிவானதாகக் கருதப்படலாகாது. மூன்றாவது, விசாரணை முடியும்வரை குடும்பம் பட்டினி கிடவாதபடி முற்பணம் ஒன்று உடனே வழங்கப்படவேண்டும்.

சட்டம் இயற்றுவது பாராளுமன்றத்தின் பொறுப்பு. எனினும், நம் பங்கு ஒன்றுமில்லை என்று இருத்தல் முறையன்று. பழைய மாணவருள் சட்டத்தரணிகள் உளர், மருத்துவர் உளர், ஆசிரியரும் அரச அலுவலரும் உளர். மீட்புப் பணியில் ஒருவர் ஊறுபட்டார் என்று கேட்டவுடன், கண்டோர் வாக்குமூலத்தை நினைவு மங்குமுன் எழுதி வாங்குதலும், மருத்துவச் சான்றைத் தேடிக் கொடுத்தலும், விண்ணப்பத்தைக் குடும்பத்தாருக்கு விளங்கும் தமிழில் வரைந்து உரிய அலுவலகத்திற் சேர்த்தலும் பெரும்பொருள் வேண்டும் செயல்களல்ல. உரிமை இருந்தும் தாள் இல்லாமையால் அதனை இழந்த குடும்பங்கள் மலைநாட்டிற் பல.

ஓடிச் சென்றவன், தனக்கு ஏதேனும் நேர்ந்தாற் பிள்ளைகளின் கதி யாது என்று எண்ணி நின்றிருந்தால், மண்ணுள் இருந்தவர் இறந்திருப்பார். அவன் எண்ணாமல் ஓடினான். அவ்வெண்ணத்தை அவனுக்காக நாம் முன்னரே எண்ணி வைத்தல் வேண்டும். அடுத்த பருவமழை வருமுன் அதனைச் செய்வோமாக.