சாமிக்கு ஆரம்ப இருப்பு எவ்வளவு?

"அப்பா, சாமி எப்பப்பா பொறந்துச்சு?"

இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இதைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆம்பூரில் அந்த நேரத்தில் பிரியாணியைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசினாலும் சாமி குத்தம். "எந்தச் சாமிம்மா?" என்று கேட்டு நேரம் கடத்தப் பார்த்தேன்.

"எல்லாச் சாமியும்தான். மொத மொதல்ல!"

தப்பிக்க வழியில்லை.

நான் பி.காம். எந்தப் பிரச்னை வந்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது, 'ஆரம்ப இருப்பு என்ன?' என்பதுதான். சாமிக்கும் ஒரு பேரேடு இருந்தால் அதன் முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கும்? ஒரு வாரமாகப் புத்தகங்களைப் புரட்டினேன்.

முதல் வரவு, பயம் என்கிறார்கள். ராத்திரி பாலாற்றங்கரையில் தனியாக நடக்கிறீர்கள். புதர் சலசலக்கிறது. 'காத்துதான்' என்று நினைத்து நின்றவர், அது நிஜமாகவே சிறுத்தையாக இருந்தால், யாருக்கும் தாத்தா ஆகியிருக்க மாட்டார். 'யாரோ இருக்காங்க' என்று ஓடியவர் பத்துக்கு ஒன்பது தடவை வீணாக ஓடினாலும் பிழைத்தார். நாமெல்லாம் அந்த ஓடினவர் வம்சம். அதனால்தான் இடி இடித்தாலும் மழை பொய்த்தாலும் 'யாரோ செய்றாங்க' என்று நம் மனசு ஆள் தேடுகிறது என்கிறார்கள் சில மனோதத்துவக்காரர்கள்.

இரண்டாவது வரவு, கனவு. எட்வர்ட் டைலர் என்ற இங்கிலாந்துக்காரர் 1871-ல் எழுதிய புத்தகத்தில் சொன்னது இது. செத்துப்போனவர் கனவில் வந்து பேசுகிறார். அப்படியானால் அவர் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? உடம்பு வேறு, உயிர் வேறு என்ற எண்ணம் அங்கே முளைத்து, மரத்துக்கும் மலைக்கும் ஆற்றுக்கும் படர்ந்ததாம்.

எழுதி வைக்காத காலத்துக்கு வவுச்சர் ஏது? மண்ணைத்தான் தோண்ட வேண்டும். இஸ்ரேலில் கஃப்ஸே என்றொரு குகை. சுமார் 90 ஆயிரம் வருஷங்களுக்கு முன் அங்கே ஒரு சின்னப் பிள்ளையைப் புதைத்திருக்கிறார்கள். மான் கொம்பையும் கூடவே வைத்திருக்கிறார்கள். எதற்கு வைத்தார்கள்? போகிற இடத்தில் பிள்ளைக்கு உதவும் என்றா, வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமலா? அந்தக் குறிப்பு மட்டும் பேரேட்டில் இல்லை.

துருக்கியில் கோபெக்லி டெபே என்று ஒரு மேடு. 1995-லிருந்து தோண்டினார்கள். 11 ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய கல்தூண்கள். சில தூண்கள் 5 மீட்டருக்கும் மேலே. நரி, பாம்பு, தேள் எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றை நிறுத்தியவர்கள் உழவு தெரியாத வேட்டைக்காரர்கள். கோயிலில்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்பது நம் பழமொழி. அவர்கள் ஒரு படி மேலே போய், ஊர் உருப்படியாக உண்டாவதற்கு முன்னாலேயே கோயிலைக் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது!

என் ஜாதிக்காரர்கள் (அதாவது கணக்குப்பிள்ளைகள்) கொஞ்சம் தாமதமாக வருகிறார்கள். கி.மு. 3300 வாக்கில், இன்றைய ஈராக்கில் உள்ள உருக் நகரத்துக் கோயில் வளாகத்தில். உலகத்தின் மிகப் பழைய எழுத்துகள் அங்கேதான் கிடைத்தன. மந்திரமாக்கும் என்று நினைக்காதீர்கள். பார்லி எத்தனை படி, ஆடு எத்தனை என்ற வரவு செலவு! படித்ததும் எனக்குக் காலர் தானாகத் தூக்கிக்கொண்டது.

ஊர் பெருத்துப் பெருத்து, முன்பின் தெரியாதவர்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ வேண்டி வந்ததும், 'யாரும் பார்க்காவிட்டாலும் அவன் பார்க்கிறான்' என்ற சாமி தேவைப்பட்டது என்று சிலர் சொல்கிறார்கள். மேலே ஒரு ஆடிட்டர்! இல்லை, ராஜ்ஜியம் முதலில் வந்தது, ஆடிட்டர் பிறகுதான் வந்தார் என்று வேறு சிலர் மல்லுக்கு நிற்கிறார்கள். ஆடிட்டர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை, தாமதமாகத்தான் வருவார்கள்.

சரி, இதெல்லாம் வெளியூர்க் கணக்கு. நம்மூர்க் கிளையில் என்ன இருக்கிறது?

கல் இருக்கிறது. ஆம்பூரிலேயே, 9-ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்து நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரர்களுக்கு நட்ட கல். கல்லைத் தேடிப் பார்ப்பதிலிருந்து, நீராட்டி, நட்டு, படையல் போட்டு, வாழ்த்துவதுவரை ஒவ்வொரு கட்டத்துக்கும் தொல்காப்பியத்தில் பெயரே இருக்கிறது. செங்கம், தருமபுரிப் பக்கம் போனால் இப்படிப்பட்ட பல கற்களுக்கு இன்றைக்கு வேடியப்பன் என்று பேர். பொங்கல் உண்டு, பூசை உண்டு. செத்தவர் பேர் கல்லிலேயே இருந்தாலும் படிப்பார் இல்லை. ஆள் போய்விட்டார், சாமி மட்டும் நிற்கிறார்.

நம்பிக்கை என்றால் பொங்கலும் படையலும் மட்டுமில்லை. 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. அதற்கு முன்பே சிப்பாய்களுக்கு உத்தரவு வந்திருந்தது. நெற்றியில் சின்னம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, முகவாயை மழிக்கணும். போதாதென்று ஒரு புதுத் தலைப்பாகை. அதில் தோலால் செய்த குஞ்சம். மாட்டுத் தோலோ என்று இந்துவுக்குச் சந்தேகம், பன்றித் தோலோ என்று முஸ்லிமுக்குச் சந்தேகம். கோட்டைக்குள் திப்பு சுல்தான் பிள்ளைகள் காவலில் இருந்தது உள்பட வேறு காரணங்களும் உண்டு. ஒரே நாளில் வெள்ளைக்காரர் நூற்றுக்கும் மேலே, சிப்பாய்கள் பல நூறு பேர் செத்தார்கள். ஒரு துண்டுத் தோல் அத்தனை கனம்.

தோலின் கனம் எனக்கும் தெரியும். என் அப்பா 31 வருஷம் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். முதலாளி பாய் என்பதால் வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. முதலாளி ஜும்மாவுக்குப் போவார், அம்மா கோயிலுக்குப் போவார். ஒரே லீவு, இரண்டு கணக்கிலும் வரவு!

அப்பா கோயில்வரை வருவார். வாசலோடு சரி. "ஒடம்புல தோல் வாசன இருக்குது. நீங்க போய்ட்டு வாங்க" என்று எங்கள் செருப்புகளுக்குக் காவல் நிற்பார். யாரும் அவரை வெளியே நிற்கச் சொன்னதில்லை. உள்ளே வரச் சொன்னதும் இல்லை.

அவர் போய் ஆறு வருஷமாகிறது. டேனரியில் மிஞ்சிய துண்டுத் தோலில் அவரே தைத்துப் போட்டுக்கொண்ட செருப்பு ஒரு ஜோடி. அம்மா அதைத் துடைத்து, மஞ்சத்துணி விரித்து, பூசை அலமாரியில் அவர் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். முருகனுக்கு வைக்கும் பூவில் அதற்கும் ஒரு கிள்ளு.

போன பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, "ஏங்க, பூஞ்சை புடிச்சிருக்கு, புள்ள இருக்கிற வீடு" என்றாள் என் மனைவி. நியாயம்தான். சாமியே இல்லை என்று டீக்கடையில் வாதாடுகிறவன் நான். செருப்புக்கா பயப்படுவேன்? அம்மா அசந்த நேரமாகப் பார்த்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டிவரை போனேன்.

கை வரவில்லை.

வாதமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கைதான் வரவில்லை. உள்ளே வலது செருப்பில் அவர் கட்டைவிரல் பதிந்த குழி. அஞ்சு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினேன். வாசலில் அம்மா.

திட்டவில்லை. "அவர எங்கடா கூட்டிட்டுப் போன?" என்று மட்டும் கேட்டார்.

'அத' இல்லை, 'அவர'.

நடுகல் நட்டவர்களுக்கும், மான் கொம்பு வைத்தவர்களுக்கும் இப்படித்தான் கை வராமல் போயிருக்குமோ? சாமியின் முழுக் கணக்கும் இதுதான் என்று சொல்லமாட்டேன். ஒரு பக்கமாவது இதுவாக இருக்கலாம்.

"என்னப்பா, கேட்டா பதிலே காணோம்?" என்று மகள் உலுக்கினாள். பிரியாணி ஆறிப் போயிருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அலமாரியைக் காட்டினேன்.

அவள் பார்த்துவிட்டு, "எல்லார் செருப்பும் வெளிய. தாத்தா செருப்பு மட்டும் ஏம்ப்பா உள்ள?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து அம்மா குரல் வந்தது: "உன் தாத்தா ரொம்ப வருஷம் வெளியவே நின்னுட்டாரும்மா."

ஆரம்ப இருப்பு எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. எங்கள் வீட்டு இறுதி இருப்பு: செருப்பு, ஒரு ஜோடி. அளவு எட்டு.