காணாமற்போன பொத்தான்

மைக்ரோசொஃப்ட் டீம்ஸ் கூட்டமொன்றைப் பதிவுசெய்யும் பொத்தான் காணாமற்போனால், ஊழியர் முதலிற் சந்தேகிப்பது தன்னைத்தான். மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவுகிறார். கணினியை அணைத்துத் திறக்கிறார். பயனில்லை. ஏனெனில், பெரும்பாலும் அங்கே பழுதே இல்லை. நிர்வாகி பதிவைத் தடைசெய்திருப்பார்; அல்லது நிறுவனம் வாங்கிய உரிமத்தில் அவ்வசதி இராது; அல்லது, தேடுபவர் வேறு நிறுவனத்திலிருந்து வந்த விருந்தினராக இருப்பார். தடையை நீக்கிய பின்னரும் மாற்றம் நடைமுறைக்கு வரச் சில மணிநேரம் செல்லக்கூடும்.

தடைவிதிப்பது நிர்வாகத்தின் உரிமை, ஏற்கிறேன். காரணத்தை ஒளிப்பது உரிமையன்று. 1975இல் இந்தியாவில் அவசரநிலைத் தணிக்கை வந்தபோது, இந்தியன் எக்ஸ்பிரஸ் தன் ஆசிரியத் தலையங்கத்திற்குரிய இடத்தை வெறுமையாக விட்டது. தடுக்கப்பட்டதை வாசகர் அறிந்தனர். 'இது நிர்வாகத்தால் நிறுத்தப்பட்டுள்ளது' என்ற ஒரு வரியைத் திரையில் இடுவதற்கென்ன? அதுவரை, மீண்டும் நிறுவுமுன் நிர்வாகியைக் கேளுங்கள். குற்றம் உங்களுடையதல்ல.