பயிற்சித் திட்டமும் கூலிப் பதிவேடும்

அரசாங்கத்துத் தொழிற்பயிற்சி அமைப்பொன்று வருங்காலத்திற்குத் திட்டம் வகுக்கும்போது, அநேகமாக முதலில் எழுதப்படுவது ஒரு தொகை: இத்தனை லட்சம் பேர், இத்தனை கோடிப் பேர் என்று. நமது அங்கத்தினர்கள் இத்தொகைகளைக் கண்டு மலைத்துவிடலாகாது. 2009-ஆம் ஆண்டின் தேசியத் திறன் வளர்ச்சிக் கொள்கை, 2022-க்குள் 50 கோடிப் பேரைத் தொழில் திறன் உடையவராக்குவது என்று குறி வைத்தது. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பிலோ, நாட்டில் வேலை செய்வோர் அனைவரும் சேர்ந்தே சுமார் 48 கோடி. தறியில் அமர்ந்த முதியவரும், ஏர் பிடிப்பவரும், கச்சேரிக் குமாஸ்தாவும் அதில் அடக்கம்! எத்தொழிலில் எத்தனை பேர் தேவை என்று விசாரித்துக் கண்ட தொகையாக இது எனக்குத் தோன்றவில்லை.

தொகையே குறிக்கோளாகும்போது பணமும் அவ்வழியே செல்கிறது. பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் (2016–20) பயிற்சி நடத்துவோருக்கு மூன்று தவணைகளில் பணம் வழங்கப்பட்டது. வகுப்புத் தொடங்கியதும் நூற்றுக்கு 30. மாணவர் தேர்ச்சிப் பத்திரம் பெற்றதும் 50. வேலை கிடைத்த பின்னரே எஞ்சிய 20. ஆகவே, பத்திரம் கொடுத்தவுடனேயே நூற்றுக்கு 80 கைக்கு வந்துவிடும். மீதி இருபதுக்காக யார் ஊர் ஊராக அலைவார்கள்?

மேலும், 'வேலை' என்பது நியமன உத்தரவும் மாதச் சம்பளமும் என்றே கொள்ளப்படுமானால் நெசவாளர் கணக்கில் வரவே மாட்டார். 2019–20-ஆம் ஆண்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இத்தொழிலில் ஈடுபட்டோர் 35 லட்சத்துக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டோர் பெண்கள். வீட்டுத் தறியில் நெய்பவருக்கு நியமன உத்தரவு ஏது? அவர் கற்றது பயன்பட்டதா என்பதற்குச் சாட்சி கூலி ஒன்றே.

அச்சாட்சி நம்மிடம் இருக்கிறது. எவருக்கு எவ்வளவு நூல் கொடுத்தோம், எத்தனை துணி திரும்பி வந்தது, என்ன கூலி கொடுத்தோம் என்பதெல்லாம் சங்கத்தின் பதிவேட்டில் உள்ளன. பயிற்சிக்கு முந்திய ஆறு மாதக் கூலியையும் பிந்திய ஆறு மாதக் கூலியையும் அங்கத்தினர் சம்மதத்துடன் அரை மணி நேரத்தில் ஒப்பிடலாம். நூல் விலையும் விற்பனை மந்தமும் கூலியைப் பாதிக்குமே என்பர் சிலர், மெய்தான். அதே சங்கத்தில் பயிற்சி பெறாதவர் கூலியையும் அருகில் வைத்துப் பார்த்தால் அந்த ஐயம் பெரும்பாலும் தீரும். ஆயினும், நான் பரிசீலனைக்குச் செல்லும் சங்கங்களில் இப்பதிவேட்டைப் பயிற்சி அதிகாரி எவரும் கேட்டதாக நான் அறியேன்.

லுங்கி மட்டுமே நெய்யும் சங்கத்தாருக்கு ஜக்கார்டு வகுப்பு நடத்துவதில் பயனில்லை. சங்கம் அந்த ரகத்துக்கு நூலும் வேலையும் தருவதாக எழுதிக் கொடுத்த பின்னரே வகுப்புத் தொடங்க வேண்டும். தறியை நிறுத்தி வகுப்பில் அமரும் நாள் கூலியற்ற நாள் என்பதும் திட்டச் செலவில் ஏற வேண்டும். விவசாய அங்கத்தினர் நிலையும் இதுவே. பம்பு மோட்டார் பழுதானால் பட்டணத்து மெக்கானிக்குக்காகக் காத்திருக்கும் கிராமத்தில் எந்த வகுப்பு வேண்டும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

அடுத்த மகாசபைக் கூட்டத்திலேயே ஒவ்வொரு சங்கமும் இதைத் தீர்மானமாக எழுதி, மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு அனுப்பலாம். "எங்களுக்குப் பாவு பிணைக்கத் தெரிந்தவர் மூவர் வேண்டும், வேலை தரச் சம்மதம்" என்ற அளவில் இருந்தால் போதும்.