நோவு தணிக்கும் மருந்தும் அதன் பரீட்சையும்

வரதராஜன்பேட்டையைச் சூழ்ந்த முந்திரிக்காட்டுக் கிராமங்களில், கஷ்டப்பட்டுக் கன்று ஈன்ற பசு இடுப்பு நரம்பு நசுங்கி எழமாட்டாமல் படுத்துக்கொள்வதையும், உழவுமாடு கால் வீங்கி நொண்டுவதையும் காணாத குடியானவர் இரார். அவ்வேதனை தணிய ஊசி போடுவிப்பது நியாயமே. ஆனால் மருந்தின் விலையை விசாரிக்குமளவுக்கு அதன் பெயரை எவரும் விசாரிப்பதில்லை.

டைக்ளோபினாக் என்னும் மருந்து மாட்டின் நோவைத் தணித்தது மெய். மாட்டோடு நின்றுவிட்ட பரீட்சைதான் போதாததாயிற்று. மருந்து உடலில் தங்கியிருக்கையில் இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 2004-ல் பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சி இதனை வெளிப்படுத்திற்று. 1992 முதல் 2007-க்குள் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்துவிட்டன.

பின்னர் மெலாக்சிகாம் என்னும் மருந்தைக் கழுகுகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் ஆப்பிரிக்கக் கழுகுகளுக்கும், பிறகு இந்தியக் கழுகுகளுக்கும். தீங்கில்லை என்று 2006-ல் தெரிந்தது. அவ்வாண்டே கால்நடைகளுக்கான டைக்ளோபினாக்கை நிறுத்த இந்திய சர்க்கார் உத்தரவிட்டது. ஆயினும் கழுகுக்கு நஞ்சான கீட்டோபுரோபெனும், பசுவின் உடலில் டைக்ளோபினாக்காகவே மாறிவிடும் அசிக்ளோபினாக்கும் 2023 வரை தடுக்கப்படவில்லை. இவ்விதம் விற்பனை முந்தியும் பரீட்சை பிந்தியும் நடப்பது தலைகீழான முறை. இனி வரும் எந்த நோவு மருந்தும், கழுகுக்குத் தீங்கில்லை என்று ருசுவான பிறகே மாட்டுக்கு அனுமதிக்கப்பட வேண்டும்.

மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பப்பட்டமையால், 2015-ல் அவற்றின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. கழுகுகள் மிஞ்சியிருப்பது மோயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கத்தில்தானே, அரியலூர் ஜில்லாவுக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். ஊசியால் நொண்டலை மறைத்துச் சந்தைக்கு ஓட்டப்படும் மாடு எந்த ஜில்லாவில் விழும் என்று யார் சொல்வது? (வாங்குபவருக்கும் அது மோசமே.)

குடியானவர் வைத்தியரிடம் மெலாக்சிகாமைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். எந்த ஊசி எந்நாளில் போடப்பட்டது என்று குறித்துவைக்கலாம். ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்தால் வெளியில் எறியாமல் ஆழக் குழி தோண்டிப் புதைப்பது அவசியம். அதற்குப் புறம்போக்கில் ஓரிடம் ஒதுக்கிவைப்பது கிராம அதிகாரிகளின் பொறுப்பு.