தண்ணீர் போய்ச் சேரும் இடமும் நம் பொறுப்பே

உளூவின் ஃபர்ளுகளை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். முகம், முழங்கை வரை கைகள், தலை, கணுக்கால் வரை கால்கள் என்று பிழையின்றிச் சொல்வார்கள். ஆனால் அந்த உறுப்புகளிலிருந்து வழிந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதை நாம் கற்பிப்பதில்லை; நாமும் எண்ணிப் பார்ப்பதில்லை. பிரிட்டனின் பழைய வீடுகளில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களால் குளிர்காலத்தில் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

நம் ஊர்க் குளியலறையின் தளம் சிமெண்டாலும் கல்லாலும் ஆனது. எவ்வளவு நீர் கொட்டினாலும் மூலைத் துவாரம் வழியே ஓடிவிடும். நூறாண்டு கடந்த விக்டோரியா காலத்து வரிசை வீடுகளிலோ, மாடிக் குளியலறையின் அடியில் இருப்பவை பெரும்பாலும் மரப்பலகையும் உத்திரமுமே. தளத்தில் துவாரம் இராது. வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்துக் கழுவும்போது சிந்தும் நீரும், குளியல் தொட்டியின் விளிம்பில் விரிசல் கண்ட சிலிகோன் பூச்சின் வழியே இறங்கும் நீரும் அந்த மரத்திலேயே தங்குகின்றன. குளிருக்கு அஞ்சிச் சன்னலை அடைத்துவிடுவதால் ஈரம் உலர்வதில்லை. முதலில் பூஞ்சணம் படர்கிறது. பிறகு பலகை உளுத்துப்போகிறது. கீழ்த்தளத்தில் வேறொரு குடும்பம் இருந்தால் அவர்கள் வீட்டு விட்டத்தில் கறை இறங்குகிறது.

இதை வெறும் பராமரிப்புப் பிரச்சினையாக ஒதுக்க முடியாது. அண்டை வீட்டாருக்குத் தீங்கிழைக்காதிருப்பது மார்க்கக் கடமை. வாடகை வீடு நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஐவேளையும் உளூச் செய்யும் வீட்டில் குளியலறை அதிகம் நனையும். எனவே நம் கவனமும் அதிகமாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவையே. கால்களைத் தொட்டிக்குள் கழுவுவோம். தரையைத் துடைத்து, சற்று நேரம் சன்னலைத் திறந்து வைப்போம். விளிம்புக்குப் புதிய சிலிகோன் பூசுமுன் தொட்டியை நீரால் நிரப்ப வேண்டும். பூச்சு இறுகிய பின்பே நீரை வடிக்க வேண்டும். வெற்றுத் தொட்டியில் பூசினால், பின்னர் நீரின் எடையில் தொட்டி சற்றே இறங்கும்போது பூச்சு பிரிந்துவிடக்கூடும்.

நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. அந்த அழுத்தத்தில் வெடித்த குழாய், பனி உருகிய பிறகே வீட்டை நனைக்கும். ஆகவே பரணிலும் வெளிச்சுவர் ஓரத்திலும் செல்லும் குழாய்களுக்கு நுரை உறை அணிவிப்பது அவசியம். குளிர்கால விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் முதன்மை வால்வை மூடிச் செல்ல வேண்டும். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள பெண்களுக்கும் முதியோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உறைந்த குழாயை வெந்நீரில் நனைத்த துணியால் மெல்ல இளக்கலாம். நெருப்பை அருகில் கொண்டுசெல்லவே கூடாது.

சமையலறைக்கும் இதில் பங்குண்டு. பிரியாணிச் சட்டியின் நெய் குளிர்ந்த குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். 2017-இல் கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் பாதாளச் சாக்கடையில் ஏறத்தாழ 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட கொழுப்புப் பாறை கண்டறியப்பட்டது. கொழுப்போடு ஈரத் துடைப்புத் தாள்களும் சேர்ந்து இறுகியதே அது. சட்டியைத் தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுவது சிறு வேலைதான்.

குளிரின் சிரமத்தைப் பொருட்படுத்தாமல் உளூவை நிறைவாகச் செய்வதற்கு நன்மை உண்டே என்று சிலர் கூறுவர். உண்மைதான். ஆனால் அது தவிர்க்க இயலாத சிரமத்திற்குரியது. பழுதான பாய்லரைச் சரிசெய்யாமல் விட்டு, வயதான தந்தையைப் பனிநீரில் கால் கழுவச் செய்வது இறையச்சமாகாது. மறுபுறம், வெந்நீர் வரும்வரை குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருப்பதும் முறையன்று. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கைகள் நிறைய அள்ளும் அளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள். முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்தால் கழிப்பறைக்கு உதவும்.

இன்ஷா அல்லாஹ், இவ்வார இறுதியில் தொட்டியின் விளிம்பையும் பேசினின் அடிப்புறத்தையும் பிள்ளைகளோடு சேர்ந்து பார்வையிடுங்கள். தஹாரத்தின் பாடத்தில் இதுவும் ஒரு பகுதியே.