கொக்கெயினும் என் வயதினரும்

சென்ற தவணை முடிவில் எங்கள் கலாசாலை மாணவர் மன்றத்தார் போதைப்பொருள் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்தனர். இலக்கணம் கற்பிப்பவனுக்கு இத்துறையில் என்ன புலமை இருத்தல் கூடும்? ஆயினும் மேடை கிடைத்தால் விடுவார் நம்மவருள் யார்? இன்றைய இளைஞர் கெட்டழிகின்றனர், எங்கள் காலம் இவ்வாறில்லை என்னும் பழைய பல்லவியை நானும் பாடினேன். அமெரிக்க மாணவர் கொக்கெயினுக்கு நாளுக்குநாள் அடிமைப்பட்டு வருகின்றனர் என்பதைச் சான்றாகவுங் காட்டினேன். கூட்டம் கலைந்தபின் மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "ஐயா, அங்கே மாணவரிடம் அது குறைந்துவிட்டது என்றல்லவா நான் படித்தேன்?" என்றான். எனக்குச் சினம் வந்தது. அதை ஒளிப்பதிற் பயனில்லை. பின்னர் அவன் குறித்துத் தந்த கணக்குகளைத் தேடிப் படித்தேன். அவன் சொன்னதே சரி. அவன் சொல்லாத வேறொன்றும் அங்கே இருந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1975 முதல் ஆண்டுதோறும் அமெரிக்கப் பாடசாலைகளின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை வினாவிக் கணக்கெடுத்து வருகின்றனர். முந்திய ஓராண்டினுள் ஒருமுறையேனும் கொக்கெயினை நாடியவர் 1975இல் நூற்றுக்கு 5.6, 1985இல் 13.1. அதுவே உச்சம். 1992இல் 3.1 ஆக வீழ்ந்தது. 1999இல் 6.2 வரை மீண்டும் ஏறிப் பின் இறங்கி, 2024இல் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்குங் கீழே போயிற்று. பாடசாலையை விட்டு விலகியோர் இக்கணக்கில் அடங்கார் என்பது மெய்யே. எனினும் ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் ஒரே வினாவைக் கேட்டுப் பெற்ற விடை, போக்கினை அறிவதற்குப் போதும்.

எண்பதுகளின் வீழ்ச்சி எதனால் நேர்ந்தது? பொருள் கிடையாமற் போனதாலன்று. கொக்கெயினை எளிதிற் பெறலாம் என்று கூறிய மாணவர் 1985இல் ஏறத்தாழப் பாதிப்பேர். 1989இல் அவர் தொகை நூற்றுக்கு 59 அளவுக்கு உயர்ந்தது. மாறியது மாணவரின் எண்ணமே. ஓரிரு முறை சுவைத்தாலும் பேராபத்து என்று கருதியவர் 1986இல் நூற்றுக்கு 33.5, மறு ஆண்டில் 47.9. இடையில் நிகழ்ந்தது ஒரு சாவு. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர் லென் பயஸ், 22 வயதினர், 1986 ஜூன் மாதத்தில் பொஸ்ரன் நகரின் புகழ்பெற்ற குழுவுக்குத் தெரிவு செய்யப்பட்டு இரண்டாம் நாள் கொக்கெயினால் மாண்டார். உடல்வலி மிக்க ஒருவனையே அது வீழ்த்தும் என்பதை மாணவர் கண்ணெதிரே கண்டனர். என்போன்றாரின் மேடைப் பேச்சு எதுவும் அத்துணை வேலை செய்திராது.

அதே ஆண்டிற் சட்டமும் வந்தது. அப்பச்சோடா சேர்த்துக் காய்ச்சிப் புகைக்கத்தக்கதாக்கிய கொக்கெயினுக்குக் கிராக் என்று பெயர். விற்கும் நோக்குடன் 5 கிராம் கிராக் வைத்திருந்தாலே ஐந்தாண்டுச் சிறை. தூளாயின் அத்தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். பொருள் ஒன்று, நிறை நூறு மடங்கு வேறு. கிராக் வழக்குகளில் தண்டனை பெற்றவருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010இல் அந்த நூறு பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. பதினெட்டுக்கு என்ன நியாயமென்று எனக்கு விளங்கவில்லை.

இனி, அம்மாணவன் சொல்லாத பகுதி. பாடசாலைக் கணக்கு இறங்கிய அதே காலத்தில் மரணக் கணக்கு ஏறியது. அமெரிக்காவில் கொக்கெயின் சம்பந்தப்பட்ட மிகைமாத்திரை மரணங்கள் 2014இல் 5,400 அளவில் இருந்தன. 2022இல் 27,000ஐக் கடந்தன. 2023இல் இன்னும் உயர்ந்தன. 2024இல் நன்கு குறைந்தனவாயினும் பத்தாண்டுக்கு முந்திய தொகையைவிட அவை பன்மடங்காகவே இருந்தன. மாணவர் கைவிட்டனர், சாவு பெருகியது. அவ்வாறாயின் இறந்தவர் யார்?

பெரும்பாலும் வளர்ந்தவர்கள். அவர்களுள்ளும் எண்பதுகளில் இளைஞராயிருந்து, அன்று தொற்றிய பழக்கத்தை விடமுடியாது ஐம்பது, அறுபது வயதை அடைந்த நகர்ப்புறக் கறுப்பின ஆடவர் மிகப் பலர். முப்பதாண்டு, நாற்பதாண்டு அப்பழக்கத்தோடு உயிர்வாழ்ந்தவர்கள் இப்பொழுது திடீரென மடிவானேன்? கொக்கெயினோடு இன்று பென்ரனில் கலந்து வருகின்றது. அபினின் வழியிற் செயற்கையாகச் செய்யப்படும் இம்மருந்து மோர்பினைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு வீரியமுடையது. கொக்கெயின் இதயத்தை முடுக்கும். பென்ரனிலோ மூச்சை அடக்கும். அபின் இனத்துக்குப் பழகாத உடல் அதன் துளியையுந் தாங்காது. அண்மையாண்டுகளில் நிகழ்ந்த கொக்கெயின் மரணங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றில் இவ்வினப் பொருளும் சேர்ந்திருந்தது. தாம் வாங்குவது பழைய சரக்கே என்று நம்பி வாங்கியோர் பலர்.

இவ்விடத்தில் எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. 1985ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் வகுப்பினர், வரலாற்றிலேயே மிகுதியாகக் கொக்கெயினை நாடிய அம்மாணவர், இன்று என் வயதினர். மேடையில் நின்று எங்கள் காலம் என்று நான் புகழ்ந்தேனே, அக்காலம் அவர்களுடையதும் ஆகும்.

இளையோருக்கு வகுப்பறை உண்டு, ஆசிரியர் உண்டு, ஆண்டுதோறும் வினாவி எழுதுவாருங்கூட உண்டு. ஐம்பத்தெட்டு வயதில் வாடகை அறையில் தனித்திருக்கும் ஒருவனை அழைத்து வைத்துச் சொல்ல எந்த மன்றம் இருக்கின்றது? அடங்கிய மூச்சை மீட்கும் நலோக்சோன் என்னும் மூக்குமருந்து 2023 முதல் அந்நாட்டுக் கடைகளில் வைத்தியர் சீட்டின்றியே விற்கப்படுகின்றது. ஆனால் அஃது அபின் இனத்தை உட்கொள்வோர்க்கு உரியது என்றும், கொக்கெயின் மட்டுமே நாடும் தமக்கு வேண்டாதது என்றும் எண்ணி அதனை வாங்காதிருப்போர் உளர்.

அடுத்த தவணையின் முதற் கூட்டத்தில் என் பிழையைத் திருத்திச் சொல்ல மன்றச் செயலாளரிடம் கால் மணி நேரங் கேட்டிருக்கிறேன். அம்மாணவனை முன்வரிசையில் இருக்குமாறு சொல்லியிருக்கிறேன்.